முசாஷி: கதையில் வந்தவனும் காலத்தில் வாழ்ந்தவரும்

யப்பானியப் பெருங்கதைகளுள் கற்றோரும் மற்றோரும் ஒருங்கே விரும்பிப் படித்தது முசாஷி என்னும் நாவல். யொஷிகாவா எய்ஜி என்பார் அதனை அசாஹி நாளிதழில் 1935 ஓகஸ்ட் தொடங்கி 1939 யூலை வரை தொடர்கதையாக எழுதினார். 1954 முதல் 1956 வரையிலான காலத்தில் இனகாகி ஹிரொஷி அதனை மூன்று திரைப்படங்களாக்கினார். முதற்படம் அமெரிக்க அக்கடமியின் சிறப்புப் பரிசைப் பெற்றது. 1981இல் அந்நாவல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டது. 1998இல் அதனைத் தழுவிய சித்திரக்கதையும் வெளிவரத் தொடங்கிற்று. இக்கால இளைஞர் பலர் அவ்வழியாகவே அவ்வீரனை அறிந்துளர். அவருட் சிலர், இவன் மெய்யாகவே வாழ்ந்தவனா, அன்றிப் புலவன் படைத்த பாத்திரந்தானா என்று என்னை வினவியதுண்டு. வகுப்பறையில் ஒரு சொல்லில் விடையிறுத்துவிடக்கூடிய வினா அன்று அது.

வாழ்ந்தவர்தாம், ஐயமில்லை. 1645ஆம் ஆண்டு இறந்தவர். ஆயின், வாழ்ந்த மனிதர் வேறு, கதையில் வந்த வீரன் வேறு. இக்கட்டுரையிற் குழப்பம் நேராதிருத்தற் பொருட்டுக் கதைத் தலைவனை அவன் என்றும், மனிதரை அவர் என்றும் குறிக்கின்றேன். நாவல் 1600ஆம் ஆண்டிற் செகிகஹாரா என்னும் போர்க்களத்திற் பிணங்களுக்கிடையே கிடக்கும் ஓர் இளைஞனோடு தொடங்கி, 1612ஆம் ஆண்டு ஒரு சிறு தீவிலே நிகழ்ந்த வாட்போரோடு முடிகின்றது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்பது. அதன் பின்னரும் முப்பத்துமூன்று ஆண்டுகள் அவர் உயிர் வாழ்ந்தார். அம்முப்பத்துமூன்று ஆண்டுகளே அவரை அறிதற்குரிய ஆண்டுகள் என்பது என் துணிபு. கதை அவற்றைத் தொடவேயில்லை.

நாவல் பிறந்த வரலாறே சுவையுடையது. 1930களின் தொடக்கத்தில் நாவொகி சஞ்சூகோ என்னும் எழுத்தாளர், முசாஷி அத்துணைப் பெரிய வீரர் அல்லர் என்று வாதித்தார். கிகுச்சி கான் என்பார் அதனை மறுத்து, அவர் பெருவீரரே என்றார். வழக்கு முற்றவே, நீர் எப்பக்கம் என்று நாவொகி யொஷிகாவாவையும் நெருக்கினார். யொஷிகாவா உடனே விடை கூறிற்றிலர். சில ஆண்டுகள் கழித்து நான்காண்டுத் தொடர்கதையொன்றை விடையாகத் தந்தார். அதற்குள் நாவொகி இறந்துபோயினார். 1934இலே மறைந்த அவர் பெயரால் கிகுச்சி கான் நிறுவிய இலக்கியப் பரிசு இன்றும் யப்பானில் வழங்கப்படுகின்றது. தம் எதிர்வழக்காடியின் பெயரைப் பரிசுக்கு இட்ட பெருந்தன்மையை நம் புலவர் அவைகளும் எண்ணிப் பார்க்கலாம். நிற்க. முசாஷியைப் பற்றி ஐயமின்றிக் கூறத்தக்க செய்திகள் சில பத்து வரிகளுள் அடங்கிவிடும் என்பதை யொஷிகாவா தாமே பின்னர் வெளிப்படையாக எழுதினார். ஆகவே அவர் எவரையும் ஏமாற்றினார் அல்லர். எஞ்சிய ஆயிரக்கணக்கான பக்கங்களும் புனைவு. ஒத்சு என்னும் காதலியும், மத்தாஹச்சி என்னும் தோழனும் கற்பனைப் பாத்திரங்களே. தக்குவான் என்னும் துறவி மெய்யாக வாழ்ந்த சான்றோர். ஆயினும் அவர் முசாஷியை மரத்திலே கட்டித் தொங்கவிட்டுத் திருத்தினார் என்பது ஆசிரியரின் படைப்பு.

இனி மனிதரைக் காண்போம். அறுபதாம் வயதில் எழுதிய நூலின் முகப்பிலே, தாம் ஹரிமா நாட்டிற் பிறந்த மறவர் என்று அவரே கூறுகின்றார். அக்கணக்கின்படி பிறந்த ஆண்டு 1584 ஆகும். அவர் வளர்ப்பு மகன் வழியினரின் குடிவரலாறு 1582 என்னும். நாவலோ அவனை அயல்நாடாகிய மிமசாக்காவில் மியாமொத்தோ என்னும் சிற்றூரிற் பிறப்பிக்கின்றது. தந்தை எனப்படும் ஷின்மென் முனிசாய், வாளிலும் குறுகிய இரும்புத் தண்டிலும் வல்லவர். பதின்மூன்றாம் வயதில் அரிமா கிஹெய் என்பாரையும், பதினாறாம் வயதில் அக்கியாமா என்பாரையும் வென்றதாகவும், இருபத்தொன்றில் தலைநகராகிய கியோத்தோ புகுந்து பெயர்பெற்ற வீரர்களை எதிர்த்ததாகவும், இருபத்தெட்டு இருபத்தொன்பது வயதுக்குள் அறுபதுக்கு மேற்பட்ட போட்டிகளிற் கலந்து ஒன்றிலும் தோற்றிலதாகவும் அவரே எழுதியுள்ளார். இவற்றுக்கு அவர் கூற்றன்றிப் பிறர் சான்று குறைவு.

செகிகஹாராப் போரில் அவன் தோற்ற பக்கத்தில் நின்றான் என்பது கதை. அத்தோல்வியே கதையின் வித்து. ஆயின் தந்தை முனிசாயின் பெயர் வென்ற பக்கத்தைச் சார்ந்த குரோதா பிரபுவின் பணியாளர் பட்டியலிற் காணப்படுதலின், மகனும் கியூஷூத் தீவிலே குரோதாவின் படையில் நின்று பொருதிருத்தல் கூடும் என இக்கால ஆராய்ச்சியாளர் கருதுவர். அங்ஙனமாயின் கதையின் முதற்காட்சியே நிகழாதது.

கியோத்தோவில் யொஷியோகா என்னும் வாட்குடியை அவர் எதிர்த்தது 1604ஆம் ஆண்டு என்பர். அக்குடியினர் முந்திய ஷோகுன்களாகிய படைத்தலைவர்களுக்கு வாட்கலை பயிற்றியோர். அண்ணனை அடித்து வீழ்த்தி, தம்பியைக் கொன்று, பின்னர் ஒன்றுதிரண்டு வந்த மாணாக்கர் கூட்டத்தையும் தனியே நின்று சிதறடித்தார் என்பது முசாஷியின் பக்கத்துச் செய்தி. யொஷியோகா குடியின் பக்கமாக 1684இல் எழுதப்பட்ட நூலோ, தங்கள் முன்னோர் தோற்றிலர் என்று கூறும். யாரை நம்புவது? இத்துணை மட்டும் சொல்லலாம்: குடி அழிந்தது என்று நாவல் கூறுவது பொருந்தாது. 1614இல் அரண்மனையிலே நாடகக் காட்சியொன்றில் அக்குடியினர் ஒருவர் கலகஞ் செய்து வெட்டுண்ட செய்தி அக்காலக் குறிப்பில் உளது. வாளை விட்டபின் அவ்வில்லத்தார் துணிக்குச் சாயமூட்டும் தொழிலாற் புகழ்பெற்றனர்.

இத்தகைய முரண்பாடுகளுள் தலையாயது தீவுப் போர்.

யப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷூவின் மேற்குக்கோடியும் கியூஷூவின் வடகோடியும் மிக நெருங்கி நிற்கும் கடற்கால் ஒன்றுண்டு. அதனுள்ளே ஷிமொனொசெகி நகருக்கு அண்மையிற் கிடக்கும் சிறு தீவு புனஷிமா. 1612இல் அங்கே முசாஷியும், கன்றியூ என்னும் வாட்புலவரும் பொருதனர். நாவலிலும் திரையிலும் நாம் காண்பது யாது? எதிரி விடியற்காலம் தொட்டுக் காத்திருக்கின்றான். முசாஷி வேண்டுமென்றே காலந்தாழ்த்து, படகிலிருந்தபடியே துடுப்பொன்றைச் செதுக்கி மரவாளாக்கிக்கொண்டு, ஞாயிற்றை முதுகுப்புறம் வைத்து வந்திறங்குகின்றான். சினத்தால் அறிவிழந்த எதிரியை ஒரே அடியில் வீழ்த்துகின்றான். காண்பார் நெஞ்சை அள்ளும் காட்சி என்பதில் ஐயமில்லை.

இக்காட்சி எங்கிருந்து வந்தது என்று தேடினால், 1776இல், போர் நிகழ்ந்து நூற்றறுபத்துநான்கு ஆண்டுகள் கழித்து, குமமொத்தோ நாட்டிலே தொகுக்கப்பட்ட நித்தென்கி என்னும் வரலாற்றில் அது முழுவடிவிற் காணப்படுகின்றது. அதனினும் மிக முற்பட்ட சான்று, முசாஷியின் வளர்ப்பு மகன் இயோரி 1654இலே கொக்குரா நகரில் நாட்டிய கல்வெட்டு. அக்கல்வெட்டுக் கூறுவது இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தனர் என்பதே. காலந்தாழ்த்தல் அங்கே இல்லை. எதிரி மூன்றடி நீள வாளேந்தி வந்தார் என்பதும், முசாஷி மரவாளால் மின்னலினும் விரைந்து அடித்துக் கொன்றார் என்பதும் உள. எதிரியின் பெயரும் கன்றியூ என்று மட்டுமே பொறிக்கப்பட்டுளது. சசாக்கி என்னும் குடிப்பெயர் இல்லை. 1737இல் மேடையேறிய கபூக்கி நாடகமொன்று இப்போரைத் தந்தைக்காக மகன் பழிதீர்த்த கதையாக மாற்றி, பகைவனுக்குச் சசாக்கி என்ற பெயரைச் சூட்டிற்று. சசாக்கி கொஜிரோ என்று இன்று உலகமறிந்த பெயரிற் பாதி இங்ஙனம் அரங்கிலே பிறந்தது. கூத்தர் இட்ட பெயர் வரலாற்றாசிரியர் நாவிலும் ஏறிவிடுதல் எந்நாட்டிலும் நிகழ்வதே.

வேறொரு சான்றும் உண்டு. அது முசாஷியின் அன்பர்க்கு உவப்பானதன்று. கடற்காலின் தென்கரையிலுள்ள மொஜிக் கோட்டையை அந்நாளிற் காவல்புரிந்தவர் நுமத்தா நொபுமொத்தோ. அவர் வழியினர் 1672இல் தொகுத்த குடிக்குறிப்பின்படி, இருவரும் அந்நாட்டில் வாட்கலை பயிற்றி வந்தனர். எவர் ஆசான் மேலானவர் என்று மாணாக்கரிடையே எழுந்த பூசலே போருக்குக் காரணம். இருவரும் தனியே வருதல் வேண்டும் என்பது ஏற்பாடு. கொஜிரோ அவ்வாறே தனியே வந்தார். முசாஷியின் மாணாக்கரோ முன்னரே வந்து மறைந்திருந்தனர். அடியுண்டு வீழ்ந்த கொஜிரோ மீண்டும் உயிர்ப்பு வந்து அசைந்தபோது, அவர்கள் வெளிப்பட்டு அவரை அடித்துக் கொன்றனர். செய்தி அறிந்த கொஜிரோவின் மாணாக்கர் பழிவாங்கக் கடல் கடந்து வர, முசாஷி மொஜிக்குச் சென்று நொபுமொத்தோவிடம் அடைக்கலம் புகுந்தார். அவரும் துப்பாக்கி ஏந்திய காவலரோடு முசாஷியை அவர் தந்தை இருந்த புங்கோ நாட்டுக்கு அனுப்பிவைத்தார்.

மகன் நாட்டிய கல்லை நம்புவதா, கோட்டைக் காவலர் வீட்டுக் குறிப்பை நம்புவதா? ஒன்று புகழ் பாட எழுந்தது. மற்றது முசாஷிக்குத் தம் முன்னோர் செய்த உதவியைப் பாராட்ட எழுந்தது. அவரை இழித்துரைப்பதால் அவ்வீட்டார்க்கு யாதொரு பயனும் இல்லை. ஆகவே இக்குறிப்பை எளிதில் ஒதுக்கிவிடல் எனக்கு இயலவில்லை. இதனிலும் என்னைச் சிந்திக்கச் செய்வது பிறிதொன்று. முசாஷி தம் இறுதிநூலிலே தாம் வென்ற அரிமாவைக் குறிப்பிடுகின்றார், அக்கியாமாவைக் குறிப்பிடுகின்றார், தலைநகர்ப் போட்டிகளைக் குறிப்பிடுகின்றார். உலகம் அவரைப் பற்றி ஒன்றே ஒன்று அறியுமாயின் அஃது எதுவோ, அந்தத் தீவுப் போரைப் பற்றி ஒரு சொல்லும் அவர் எழுதிற்றிலர். அத்தீவு இன்று வென்றவர் பெயரால் வழங்கவில்லை. இறந்தவர் பெயராற் கன்றியூத் தீவு என்றே வழங்குகின்றது.

அவர் எழுதியது வேறு. முப்பது வயது கடந்தபின் தம் வெற்றிகளைத் திரும்பி நோக்கியதாகவும், அவை கலையின் முதிர்ச்சியால் வந்தன அல்ல, இயற்கைத் திறத்தாலோ, எதிரிகளின் குறைபாட்டாலோ வந்திருத்தல் வேண்டும் எனத் தெளிந்ததாகவும், அதன்பின் காலையும் மாலையும் பயின்று ஐம்பதாம் வயதளவிலேதான் கலையின் உட்பொருள் கைவந்ததாகவும் அவர் கூறுகின்றார். நாவல் எதனை முடிசூட்டுவிழாவாகக் காட்டுகின்றதோ, அதனை அவர் கற்கத் தொடங்காத பருவம் என்று தள்ளுகின்றார்.

அக்கல்வி நிகழ்ந்த காலமோ வாளுக்கு நல்ல காலமன்று. 1615இல் ஒசாக்காக் கோட்டை வீழ்ந்தது. தொக்குகாவா குடியின் ஆட்சி நிலைபெற்றது. அப்போரில் முசாஷி தொக்குகாவாப் பக்கத்து மிசுனோ பிரபுவின் படையில் இருந்தார். அதன்பின் நாட்டிலே பெரும்போர் ஒழிந்தது. தலைவனற்ற மறவர் பல்லாயிரவர் வேலையின்றி அலைந்தனர். போரிடக் கற்றவனுக்குப் போர் இல்லாத நாட்டில் என்ன தொழில்? இவ்வினாவே முசாஷியின் பிற்பாதி வாழ்வு முழுவதையும் ஆட்டிவைத்தது.

அவருடைய காலத்தவராகிய யக்யூ முனெனொரி என்பாரை இங்கே ஒப்பு நோக்கலாம். முனெனொரி ஷோகுன்களுக்கு வாளாசிரியராகி, 1636இற் பதினாயிரம் கொகு வருவாயுடைய பிரபுவாக உயர்ந்தார். ஒரு கொகு என்பது ஒருவர் ஓராண்டுக்கு உண்ணப் போதுமான அரிசி என்று கொள்க. முசாஷியோ நிலையான பணியின்றிப் பிரபுக்களின் விருந்தினராக ஊர் ஊராய் வாழ்ந்தார். அக்காஷி நகரிலே புதிய கோட்டை எழுந்தபோது, அந்நகரின் தெருக்களை வகுக்கும் பணியில் அவர் துணைபுரிந்தார் என்று மரபு கூறும். தமக்கு வாய்க்காத பதவியைத் தம் வளர்ப்புப் பிள்ளைகளுக்கு அவர் தேடித் தந்தார். மூத்தவர் மிக்கினொசுக்கே ஹிமெஜியில் ஹொந்தா தததொக்கி பிரபுவைச் சேவித்தார். 1626இற் பிரபு இறந்தபோது, அக்கால மறவர் வழக்கப்படி தம் வயிற்றைக் கிழித்துக்கொண்டு உடன்மாய்ந்தார். இருபத்துமூன்று வயது. நல்ல பதவி தேடிக் கொடுத்த தந்தைக்கு அப்பதவியே மகனை வாங்கிக்கொண்டது. இளையவராகிய இயோரி ஒகசவாரா பிரபுவிடம் சேர்ந்து, இருபது வயதளவில் அமைச்சராகி, பின்னர் நாலாயிரம் கொகு பெற்றார்.

ஒகசவாராப் படையோடு முசாஷி மீண்டும் ஒருமுறை போர்க்களம் சென்றார். 1637, 1638ஆம் ஆண்டுகளிலே ஷிமபராவில் வரிக்கொடுமையாலும் கிறித்தவ சமயத்தார்க்கு இழைத்த துன்பத்தாலும் குடியானவர் கிளர்ந்தெழுந்து ஒரு பழங்கோட்டையிற் புகுந்து நின்றனர். அங்கே முசாஷி அரிமா நவொசுமி என்னும் பிரபுவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இன்றும் உளது. மேலிருந்து எறிந்த கல்லொன்று கணைக்காலிற் பட்டு, எழுந்து நடமாட அரிதாயிற்று என்பது அதில் வரும் செய்தி. அறுபது போட்டிகளில் தோலாத வீரரை நொண்டவைத்தவர் பெயர் தெரியாத ஓர் உழவர். ஓர் உழத்தியாகவும் இருக்கலாம். யொஷிகாவாவின் பேனா இவ்விடத்துக்கு வந்திருந்தால் என் செய்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

1640இல் குமமொத்தோவின் பிரபு ஹொசொக்காவா தததொஷி அவரை அழைத்தார். அப்பிரபு முனெனொரியிடம் பயின்ற நல்ல வாட்புலவர். ஆதலின் அறிந்து அழைத்தார் எனல் வேண்டும். விருந்தினர் என்னும் மதிப்பும் ஆண்டுக்கு 300 கொகு அரிசியும் கிடைத்தன. முனெனொரியின் வருவாயோடு நோக்க அஃது அற்பமே. எனினும் ஐம்பத்தேழு வயதில் முதன்முறையாகத் தம்மை உணர்ந்த ஒருவரின் நிழல் கிடைத்தது. 1641 தொடக்கத்தில், வாட்கலை பற்றி முப்பத்தைந்து பகுதிகள் கொண்ட சிறுநூலை எழுதிப் பிரபுவுக்கு அளித்தார். ஏறத்தாழ ஒரு திங்களுக்குள் பிரபு இறந்துபோயினார்.

அதன்பின் முசாஷி தூரிகை ஏந்தினார், முன்னரும் ஏந்தியிருக்கலாம். நித்தென் என்னும் பெயரில் அவர் தீட்டிய மையோவியங்கள் சில இன்று யப்பானின் செல்வங்களாகப் போற்றப்படுகின்றன. உலர்ந்த நெடுங்கொம்பொன்றின் உச்சியிலே சிறு குருவி ஒன்று இருக்கின்றது. கீழே அக்கொம்பில் ஒரு புழு மேல்நோக்கி ஊர்கின்றது. கொம்போ ஒரே வீச்சில் இழுத்த கோடு. ஓவிய நுட்பம் அறியாத என் போன்றார்க்கும் படத்தின் அச்சுப்படியைக் கண்டவளவில் மூச்சு நிற்கும். அக்குருவி சிறு உயிர்களைப் பிடித்துத் தின்னும் இனத்தது என்பதை அறிந்தபின் அப்புழுவைப் பார்ப்பது வேறுவகைப்படும்.

1643ஆம் ஆண்டு பத்தாந் திங்கள் பத்தாம் நாள், விடியுமுன், குமமொத்தோவுக்கு மேற்கேயுள்ள மலைக்குகையாகிய றெய்கந்தோவை இடமாகக் கொண்டு அவர் தம் பெருநூலைத் தொடங்கினார். ஐந்து வளையங்களின் நூல் என இன்று அறியப்படுவது அதுவே. நிலம், நீர், தீ, காற்று, வெளி என ஐந்து சுருள். நம் ஐம்பூதங்களே என்று மாணாக்கர் துள்ளுவர். பௌத்தம் சென்ற வழியே சென்ற பெயர்கள்தாம். ஆயினும் பௌத்த நூல்களின் சொல்லையோ கன்பூசியரின் சொல்லையோ பழைய போர்க்கதைகளையோ கடன்வாங்காது எழுதுவதாக ஆசிரியர் முகப்பிலேயே உறுதி கூறுகின்றார். முதற்சுருளில் படைத்தலைவனுக்கு அவர் காட்டும் உவமை தச்சாசாரி. கணுவில்லாத நேர்மரத்தை முன்தூணாகவும், சிறிது கணுவுள்ளதைப் பின்தூணாகவும், வலிமை குறைந்தாலும் அழகுள்ளதைக் கதவுக்கும் நிலைக்கும் வகுத்து, கோணல் மரத்துக்கும் ஓரிடம் காணும் மூத்த தச்சன் போல, ஆளறிந்து வேலை தருபவனே தலைவன் என்பது அப்பகுதியின் கருத்து. மனிதர் வாழ நகர் வகுத்த அனுபவம் இங்கே பேசுகின்றது என்று நான் கொள்வேன். காற்றுச் சுருள் பிற ஆசிரியர் முறைகளை ஆராய்வது. நீள்வாளையே நம்புவோரை அவர் அங்கே மறுக்குமிடத்து, தீவிலே நீள்வாளோடு நின்ற ஒருவர் நினைவு வாராதிருத்தல் அரிது. பெயர் மட்டும் அங்கும் இல்லை. 1970களுக்குப் பின்னர் அமெரிக்க வணிகர் இந்நூலைச் சந்தைப் போருக்கு வழிகாட்டியாகப் படிக்கலாயினர். மகனைப் பதவிக்குப் பறிகொடுத்த கிழவர் குகையிலிருந்து எழுதிய நூல், சரக்கு விற்பார்க்குப் பயன்படுவது வியப்பே.

நூல் வளர நோய் வளர்ந்தது. குகையை விட்டு வர மறுத்தவரை, ஹொசொக்காவா நாட்டுப் பெருந்தலைவர்கள் கடிதம் எழுதியும் மருத்துவரை அனுப்பியும் நகருக்குத் திரும்பச் செய்தனர். 1645ஆம் ஆண்டு ஐந்தாந் திங்கள் பன்னிரண்டாம் நாள் நூலைத் தெராவோ மகொனொஜோ என்னும் மாணாக்கருக்கு அளித்தார். அதே நாளில், தனிவழி நடப்பார்க்கென இருபத்தொரு சிறு வரிகளையும் எழுதினார். வருந்தாமை, பொறாமை, பற்று, வீடு, உணவு, உடைமை என ஒவ்வொன்றாகத் தொட்டு விலக்கும் அவ்வேடு குமமொத்தோவிற் காக்கப்படுகின்றது. ஏழு நாட் கழித்துப் பத்தொன்பதாம் நாள் இறந்தார். பெருநூலின் மூலச்சுவடி இன்றில்லை. மாணாக்கர் வழிப் படிகளே நமக்குக் கிடைத்துள்ளன.

ஒன்பதாண்டுகள் சென்றபின் இயோரி, கொக்குராவுக்கு அண்மையில் கடற்காலை நோக்கிய தமுக்கே குன்றின்மேல் நான் முன்னர்க் குறித்த அக்கல்லை நாட்டினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துக்கள். அவற்றிற் பெரும்பகுதி அரிமாவையும் அக்கியாமாவையும் யொஷியோகா குடியினரையும் தீவையும் பற்றியது. தந்தை எழுதாது விட்ட தீவுப் போரை மகன் கல்லிலே பொறித்தார். நாடகம் அங்கிருந்து புறப்பட்டது, நாவல் நாடகத்தின் பின் வந்தது.